திருப்பூர் சர்ப்ளஸா, ஒருவர் போட்ட அசல் டீ-ஷர்ட்டா: புகார் வந்தால் எது நிற்கும்?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஆன்லைனில் ராக் பேண்டு டீ-ஷர்ட் விற்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரம் நெடுக வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம், கோவையில் பஸ் மாறினால் திருப்பூர். அதனால் இந்த வியாபாரத்துக்கு வருகிறவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸை, அதாவது ஏற்றுமதி ஆர்டரில் மீந்த சரக்கை, லாட்டாக எடுத்து விற்பது. இன்னொன்று, யாரோ காசு கொடுத்து வாங்கி, போட்டு, பத்திரமாக வைத்திருந்த அசல் டீ-ஷர்ட்டைத் தேடி வாங்கி மறுபடி விற்பது. நான் இரண்டாவதில் இருக்கிறேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

வரவு செலவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சர்ப்ளஸ் மலிவு, எல்லா சைஸும் கிடைக்கும், துணி புதுசு, ஒரு போட்டோ எடுத்தால் நாற்பது பீஸ் விற்கலாம். பழைய டீ-ஷர்ட் ஒவ்வொன்றும் தனி. தேடி அலைய வேண்டும், துவைத்துக் காயவைத்துத் தனித்தனியாகப் படம் எடுக்க வேண்டும், எக்ஸ்எல் கேட்பவருக்கு மீடியம்தான் இருக்கும். விலை மட்டும் பல மடங்கு கிடைக்கும். இன்ஸ்டாகிராமா, வெளிநாட்டுச் சந்தைத் தளமா என்பதும் இதற்கு அடுத்த கேள்விதான். இபே இந்தியத் தளம் 2018 ஆகஸ்டிலேயே மூடப்பட்டது. இங்கிருந்து அதில் விற்பது என்றால் இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத்தான். எட்சி தளத்தில் விண்டேஜ், அதாவது பழங்காலத்துப் பொருள், என்று போட வேண்டுமானால் பொருளுக்குக் குறைந்தது 20 வயதாகியிருக்க வேண்டும். உள்ளூர் வாடிக்கைக்கு இன்ஸ்டாவே போதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. டிரேட்மார்க் புகார் வந்து தளத்தில் நாம் போட்ட விற்பனைப் பதிவு தூக்கப்படும் அன்று, நம் கையில் காட்ட என்ன இருக்கிறது?

புகார் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரிய பேண்டுகள் தங்கள் பெயரையும் லோகோவையும் துணிமணிக்கான 25-ஆம் வகுப்பில் டிரேட்மார்க்காகப் பதிந்து வைத்திருப்பது வழக்கம். சரக்கு அடித்து விற்கும் உரிமையை பிராவாடோ போன்ற மெர்ச்சண்டைஸ் கம்பெனிகளுக்குக் கொடுத்திருப்பார்கள். அவர்களோ அவர்கள் அமர்த்திய ஏஜென்சியோ தளம் தளமாகப் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். சந்தேகம் வந்ததை எல்லாம் மொத்தமாகப் புகார் செய்வார்கள். இபேயில் இதற்கென்றே வெரோ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது: உரிமையாளர் படிவம் அனுப்பினால் பதிவு இறங்கிவிடும். தளங்கள் இவ்வளவு வேகமாக இறக்குவதற்குக் காரணம் உண்டு. டிஃபனி நகைக் கம்பெனி இபே மீது போட்ட வழக்கில் 2010-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இபே பக்கம் தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட பதிவைச் சுட்டிக்காட்டியதும் அதை நீக்கிவிடுகிறார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான ஆதாரம். அப்படி இருக்கும்போது, யார் சரி யார் தப்பு என்று விசாரித்துக்கொண்டு எந்தத் தளமும் உட்கார்ந்திருக்காது. முதலில் நீக்கும், அப்புறம் பேச்சு.

இந்த 'அப்புறம்' என்ற இடத்தில்தான் சர்ப்ளஸும் பழைய டீ-ஷர்ட்டும் பிரிகின்றன.

நம் டிரேட்மார்க்ஸ் சட்டம் 1999-ல் பிரிவு 30(3) என்று ஒன்று இருக்கிறது. உரிமையாளரோ அவருடைய சம்மதத்தோடு இன்னொருவரோ சந்தையில் விட்ட பொருளை ஒருவர் முறையாக வாங்கியிருந்தால், அதை அவர் மறுபடி விற்பதை மீறல் என்று சொல்ல முடியாது. சாம்சங் பிரிண்டர்களை வெளிநாட்டிலிருந்து வாங்கி இங்கே விற்ற கபில் வாத்வா வழக்கில், டெல்லி உயர்நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் 2012-ல் ஒரு படி மேலே போனது: உலகில் எந்தச் சந்தையில் முதலில் விடப்பட்டிருந்தாலும் இந்த விதி பொருந்தும் என்றது. துபாயில் வாங்கிய டீ-ஷர்ட்டைப் பாலக்காட்டில் விற்கிறவனுக்கு இதைவிட உபயோகமான தீர்ப்பு கிடையாது. அமெரிக்காவிலும் முதல் விற்பனைக் கோட்பாடு என்று இதையேதான் சொல்கிறார்கள்.

ஆனால் எல்லாம் 'சம்மதத்தோடு சந்தையில் விட்ட' என்ற நிபந்தனையில் தொங்குகிறது. சர்ப்ளஸ் எப்படி உண்டாகிறது என்று திருப்பூரில் ஒரு வாரம் வேலை பார்த்தவருக்கும் தெரியும். ஐயாயிரம் பீஸ் ஆர்டர் என்றால், அச்சுப் பிசகு, தையல் பிசகு போகட்டும் என்று கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார்கள். பையர் எண்ணி எடுத்தது போக மீந்தது, ரிஜெக்ட் ஆனது, ஆர்டரே கேன்சல் ஆகி நின்றது எல்லாம் லாட்டாக வெளியே வருகிறது. அதே மெஷின், அதே துணி, அதே ஸ்கிரீன். ஆனாலும் அந்த பீஸை உரிமையாளர் சந்தையில் விடவில்லை. 1986-ல் எல் கிரேக்கோ என்ற வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரேசில் தொழிற்சாலை ஒன்று அமெரிக்கக் கம்பெனிக்காகச் செய்த செருப்புகள் அவை. கம்பெனி ஆர்டரை ரத்து செய்ததும் தொழிற்சாலை அவற்றை வேறு வழியில் விற்றது. உரிமையாளர் தரம் பார்த்து ஒப்புதல் தராத சரக்கு அசல் சரக்கு ஆகாது என்பது தீர்ப்பு. திருப்பூர் கேன்சல் லாட்டை எடுத்து அமெரிக்காவுக்கு விற்கிறவர் இந்தச் செருப்புக் கதையைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

பில் விஷயமும் இருக்கிறது. காதர்பேட்டையில் ஒரு கடையில் எந்தக் கம்பெனி லாட் என்று பில்லில் எழுதித் தரச் சொன்னேன். "அதெல்லாம் கேக்காதீங்க தம்பி, லேபிள வெட்டித்தான தர்றோம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அங்கே நடைமுறையே அதுதான். பிராண்ட் பெயர் வெளியே போகக் கூடாது என்று கழுத்து லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். சாதாரணக் கோடு போட்ட டீ-ஷர்ட்டுக்கு அது சரிதான். பேண்டு டீ-ஷர்ட்டில் லேபிளை வெட்டி என்ன பயன், மார்பு முழுக்க லோகோ இருக்கிறதே! வெட்டிய லேபிள் நமக்கே எதிரான சாட்சியாகிவிடுகிறது. சித்தூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்துப் புகார் விழுந்ததும் அவருடைய ஆன்லைன் பக்கமே போய்விட்டது. மேல்முறையீட்டில் வைக்க அவரிடம் இருந்தது ஒரு துண்டுச்சீட்டு மட்டும்: 'டி-ஷர்ட், கலர், 120 பீஸ்'.

இப்போது பழைய டீ-ஷர்ட்டுக்கு வருகிறேன். இந்த எல்லைப் பக்கத்தில் இதற்கு நல்ல ஊற்று இருக்கிறது, வெளியில் பலருக்கு அது தெரியாது. கல்ஃபில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டு அலமாரிகள்தான் அது. துபாயில் 2004 முதல் 2009 வரை டெசர்ட் ராக் என்ற திருவிழா நடந்தது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் பேண்டு அங்கே வாசித்துவிட்டு, அதே மாதம் 17-ஆம் தேதி பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தார்கள். 2011 அக்டோபர் 30 அன்று அதே மைதானத்துக்கு மெட்டாலிகா பேண்டு வந்தார்கள். அன்றைக்கு இருபது வயதில் ராத்திரி பஸ் பிடித்துப் போனவர்கள் இன்றைக்கு வயிறு போட்டு, அந்த டீ-ஷர்ட் ஏறாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் வைத்திருக்கிறார்கள். "எறியாதே வச்சதா சேட்டா, நல்ல ஆளுக்குப் போகட்டும்" என்று பாலக்காட்டில் ஒருவர் பாதி மலையாளத்தில் சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அவர் கொடுத்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். முதலில் கழுத்து லேபிள்: எழுத்து மங்கியிருக்கலாம், தையல் பிரிந்து மாற்றித் தைத்ததாக இருக்கக் கூடாது. அடுத்து, முன்பக்க அச்சுக்குக் கீழேயோ விளிம்போரமோ பொடி எழுத்தில் வருடமும் உரிமம் பெற்ற கம்பெனி பெயரும் இருக்கும். அதைப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பேன். பின்பக்கம் ஊர்ப்பட்டியல் அச்சிட்டிருந்தால் அந்தச் சுற்றுப்பயணத்தின் தேதிகளோடு ஒத்துப் பார்ப்பேன். அச்சு வெடிப்பு மடிப்பு விழும் இடங்களில் இயல்பாக ஓடியிருக்கிறதா, உள்பக்கம் திருப்பினால் அக்குள் ஓரம் நிறம் கொஞ்சம் போயிருக்கிறதா என்பதும் முக்கியம். 90-களின் தொடக்கத்துக்கு முந்தைய அமெரிக்க டீ-ஷர்ட் என்றால் கையிலும் கீழ்விளிம்பிலும் ஒற்றைத் தையல் ஓடுவது வழக்கம். விற்றவரிடம் எங்கே, எப்போது வாங்கினார் என்று இரண்டு வரி எழுதி வாங்குவேன். டிக்கெட் இருந்தால் அதற்கும் ஒரு படம். காசு யுபிஐயில்தான், கையில் கொடுப்பதே இல்லை. இவ்வளவும் ஒரு கவரில், ஒரு நம்பரில்.

இந்தக் கவர் எனக்கு ஒரு தடவை நன்றாகவே கை கொடுத்தது. ஒரு தளத்தில் என் பதிவைப் போலி என்று இறக்கினார்கள். வந்த மெயிலில் புகார் கொடுத்த ஏஜென்சியின் முகவரி இருந்தது. தளத்தோடு மல்லுக்கு நிற்காமல் நேரே அவர்களுக்கு எழுதினேன். இது பயன்படுத்திய பொருள், ஒரே பீஸ், இன்ன நிகழ்ச்சியில் முதலில் வாங்கியது, வாங்கிய ஆதாரம் இது, லேபிள் படம் இது, நான் புதிதாக எதையும் அச்சடிக்கவில்லை, அதிகாரப்பூர்வ விற்பனையாளர் என்று எங்கும் சொல்லவில்லை, தயவுசெய்து புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்று. கோபம் ஒரு வரியில்கூட இல்லை. திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், பதிவு மறுபடி ஏறியது. எல்லா ஏஜென்சியும் இப்படி இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. பதிலே வராமல் போனவர்களும் எனக்குத் தெரிந்து உண்டு. ஆனால் சர்ப்ளஸ்காரர் இந்தக் கடிதத்தின் முதல் வரியைக்கூட நேர்மையாக எழுத முடியாதே.

புகார் டிரேட்மார்க்கா காப்பிரைட்டா என்பதைக் கவனித்துப் படியுங்கள். பெயரும் லோகோவும் டிரேட்மார்க். மார்பில் இருக்கும் ஓவியம் காப்பிரைட். காப்பிரைட் என்றால் அமெரிக்கத் தளங்களில் 1998-ன் டி.எம்.சி.ஏ என்ற அமெரிக்கக் காப்பிரைட் சட்டப்படி, நீக்கியது தவறு என்று எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். புகார்தாரர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் பதிவைத் திருப்பி வைக்க வேண்டும். டிரேட்மார்க்குக்கு அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. இங்கேயும் அதே கதைதான்: காப்பிரைட் விதிகள் 2013-ல், 36 மணி நேரத்தில் நீக்கு, 21 நாளில் கோர்ட் உத்தரவு வராவிட்டால் திருப்பி வைக்கலாம் என்று கணக்கு இருக்கிறது. டிரேட்மார்க்குக்கு அப்படி நாள் கணக்கு கிடையாது. அதனால்தான் உரிமையாளருக்கு நேராக எழுதும் கடிதத்துக்கு இவ்வளவு மதிப்பு. இன்னொன்று, டி.எம்.சி.ஏ எதிர் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டால் அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு நீங்கள் சம்மதிக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு டீ-ஷர்ட்டுக்காக அதைச் செய்யலாமா என்று நிதானமாக யோசியுங்கள்.

பழையது என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. மைதான வாசலில் விற்ற போலி, இருபது வருஷம் உடுத்தினாலும் போலிதான். பழைய போலிகளுக்கும் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள், உண்மை. ஆனால் புகார் வந்தால் நிற்க இடம் இல்லை, நான் எடுப்பதில்லை. கையை வெட்டி, சாயம் ஏற்றி, பையாகத் தைத்து விற்பதும் அப்படியே. பொருளின் நிலை மாறியிருந்தால் உரிமையாளர் ஆட்சேபிக்கலாம் என்கிறது பிரிவு 30(4). பழைய ஹார்ட் டிஸ்க்குகளைச் சரிசெய்து விற்றவர்கள் மீது சீகேட் போட்ட வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2024-ல் விற்பனையைத் தடுக்கவில்லை. ஆனால் பழசு என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. நான் தலைப்பிலேயே 'பயன்படுத்தியது' என்று போடுகிறேன், கறையையும் படத்தில் காட்டுகிறேன். பேண்டின் அதிகாரப்பூர்வக் கடைப் படத்தை எடுத்துப் போடுவது தனியாக ஒரு காப்பிரைட் புகாரை வாசலுக்கு அழைப்பது.

மூன்றாவதாக, வெளிநாட்டுப் பழந்துணி பேலை (பெரிய கட்டை) பிரித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதில் இறங்கியதில்லை. பழந்துணி இறக்குமதி இங்கே கட்டுப்பாட்டில் உள்ளது, பேலில் வரும் டீ-ஷர்ட்டுக்கு முதலில் வாங்கியவர் யார் என்று எழுதித் தர ஆளும் இல்லை. நல்ல பீஸ் சிக்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். லேபிளும் அச்சும் மட்டுமே ஆதாரமாக நிற்க வேண்டும் என்பதால் சர்ப்ளஸுக்கும் என் வழிக்கும் நடுவில் அதை வைப்பேன்.

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 800 டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 அன்று நின்றுவிட்டது. மலிவு சர்ப்ளஸ் பீஸில் அந்த வரியும் தபால் செலவும் சேர்ந்தால் லாபம் கரைந்துவிடும், விலை கூடிய ஒற்றைப் பழைய பீஸ் ஓரளவு தாங்கும். உள்ளூரில் ஜிஎஸ்டியிலும் பழைய பொருளுக்கு விதி 32(5) இருக்கிறது. வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளாமல் இருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. உங்கள் ஆடிட்டரிடம் இந்த விதி நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கெனவே சர்ப்ளஸ் லாட் எடுத்து வீட்டில் அடுக்கி வைத்திருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். லோகோ இல்லாத பிளெயின், கோடு, பாக்கெட் டீ-ஷர்ட்டுகளைத் தனியாகப் பிரித்து, பிராண்ட் பெயர் எதுவும் சொல்லாமல் ஞாயிற்றுச் சந்தையிலும் உள்ளூர் கடைகளிலும் ஓட்டிவிடுங்கள். பேண்டு லோகோ போட்ட பீஸ்களை ஆன்லைனில் ஏற்றாதீர்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்து, உங்கள் பக்கத்துக்கு இன்னும் ஒரு புகார்கூட வராமல் இருந்தால், அந்தப் பதிவுகளை இப்போதே இறக்கிவிடுங்கள்.