கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது? ஐசோடோப் (கதிரியக்கப் பொருள்) இல்லாமல் அளக்கும் நான்கு வழிகள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் தேடுவது கிரியாட்டினின் வரியைத்தான். 1.1 என்றால் நார்மல், மடித்துப் பையில் வைத்தாயிற்று. ஆனால் அந்த 1.1 யாருடையது? கிரியாட்டினினை வைத்துக் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும், 2021-ல் வந்த சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 30 வயது ஆணுக்கு நிமிடத்துக்கு 93 மில்லி வருகிறது. 62 வயது அம்மாவுக்கு 57தான். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட கிட்னி நோய் என்றுதான் டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் மலிவான இந்தச் சோதனையைக் குறை சொல்ல மாட்டேன். ஈஜிஎஃப்ஆர் (சூத்திரம் சொல்லும் அந்த வடிகட்டும் அளவு) போடாமல் வெறும் கிரியாட்டினினை மட்டும் நீட்டும் ரிப்போர்ட்டைத்தான் குறை சொல்வேன்.

சூத்திரத்துக்கும் வயதும் பாலினமும்தான் தெரியும், உடம்பு தெரியாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வியாசர்பாடியில் பாக்சிங் பழகும் பையன், கிரியாட்டின் பவுடரும் குடித்து, முந்தின ராத்திரி பீஃப் பிரியாணியும் ஒரு பிடி பிடித்திருந்தால், நல்ல கிட்னியே கெட்டதுபோலத் தெரியும். சுகர் முற்றி இளைத்துப்போன பாட்டிக்கு நேர் எதிர்: கிட்னி பாதி போயிருந்தாலும் எண் அழகாக இருக்கும். ரெண்டாவதுதான் ஆபத்து.

இந்த இடத்தில் ரத்தத்தில் இருக்கும் சிஸ்டாடின் சி என்ற புரதம் ஜெயிக்கிறது. உடம்பின் செல்கள் கிட்டத்தட்ட எல்லாமே இதைச் சுரப்பதால் தசை, சாப்பாட்டுப் பிரச்சினை குறைவு. அதே ஒரு ஊசி ரத்தம் போதும். விலை கூடுதல், எல்லா லேபிலும் கிடைக்காது. தைராய்டு, ஸ்டீராய்டு, புகைப்பழக்கம், உடல் பருமன் இதையும் அசைக்கும். ரெண்டையும் சேர்த்துப் போடும் கணக்குதான் தனித்தனியானதைவிட நம்பகம். என் ஓட்டு அதற்கே.

24 மணி நேர யூரின் கேன்? ஒரு நாள் யூரினில் போகும் கிரியாட்டினினை ரத்தத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு வடிகட்டும் அளவைக் கணக்கிடும் வழி இது. காலையில் முதல் யூரினை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் யூரின் வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ் இருக்கும் வீட்டில், அஞ்சு லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். காசிமேட்டில் மூட்டை தூக்குபவர் அதை எங்கே வைப்பார்? ஒரு தடவை தவறினாலும் கணக்கு தப்பு. சரியாகப் பிடித்தாலும், கிட்னிக் குழாய்கள் கொஞ்சம் கிரியாட்டினினைத் தாமாகவே வெளியே தள்ளுவதால் விடை கூடுதலாகத்தான் வரும்.

நிஜமாகவே அளந்தாக வேண்டும், உதாரணமாகக் கிட்னி தானம் கொடுப்பவருக்கு என்றால், ஐயோஹெக்ஸால். சிடி ஸ்கேனுக்குப் போடும் அதே டை, கதிரியக்கம் கிடையாது. வழக்கமாக 5 மில்லி நரம்பில் ஏற்றி, ரெண்டு மணி நேரம் கழித்து நாலு மணி வரை சில சாம்பிள் எடுத்து, ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பார்கள். கிட்னி ரொம்ப மந்தமாக இருந்தால் மறுநாள் சாம்பிளும் தேவைப்படும். டை அலர்ஜி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். மருந்து எங்கும் கிடைக்கும். சாம்பிளை அளக்க எச்பிஎல்சி மெஷினும் அதில் பழகிய கையும் வேண்டும், அங்கேதான் சிக்கல்.

ஐசோடோப் என்றாலே துல்லியம் என்று நினைக்க வேண்டாம். கதிரியக்க மருந்து ஏற்றிப் படமெடுக்கும் டிடிபிஏ ஸ்கேனில் கேமராப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லும் ஜிஎஃப்ஆர் (வடிகட்டும் அளவு), ரத்த சாம்பிள் எடுத்துக் கணக்கிடுவதைவிடப் பின்தங்கியதுதான். ஆனால் இடது கிட்னி எவ்வளவு, வலது எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டும். மேலே சொன்ன நான்கில் ஒன்றுக்கும் அது முடியாது. தானம் கொடுப்பவருக்கு டிடிபிஏ வேண்டாம் என்றால், எப்படியும் எடுக்கப்போகும் சிடியில் ரெண்டு கிட்னியின் கன அளவையும் ஒப்பிட்டு அந்தப் பங்கைக் கணக்கிடலாம்.