கோட்டைக்கு ‘சிறப்பு அனுமதிக் கட்டணம்’ கேட்டால் கொடுக்காதீர்கள்: 9,600 ரூபாய் விட்டவள் சொல்கிறேன்

நேற்று முன்தினம் நடந்தது. இன்னும் வயிறு எரிகிறது, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்கணும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

எங்களுக்கு ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவதைப் பார்த்து ‘விசாரிக்க மாட்டாங்களா’ என்று பேசியிருக்கிறேன். இப்போது நானே 9,600 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் மாமனாருக்கு 74 வயது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். குவாலியர், ஜான்சி, கோல்கொண்டா என்று வேலைக்குப் போன பக்கத்துக் கோட்டையெல்லாம் ஏறி இறங்கியவர். “நம்ம சேதுபதி கட்டுன கோட்டைய மட்டும் பார்க்கலம்மா” என்று ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1725 வரை ராமநாதபுரத்தை ஆண்ட மன்னர் முத்து விஜயரகுநாத சேதுபதி கட்டியவை அவை. கமுதியில் குண்டாற்றங்கரையில் வட்டமாக ஒன்று, ராஜசிங்கமங்கலம் பக்கம் செங்கமடையில் அறுகோணமாக ஒன்று. ஆறு மூலை இருப்பதால் அதற்கு ஆறுமுகம் கோட்டை என்று பெயர். பஸ்ஸிலேயே போகலாம்தான். ஆனால் மாமாவுக்கு முழங்கால் வலி, பஸ் மாறி மாறி ஏற முடியாது. அதனால்தான் இந்த வம்பில் மாட்டினேன்.

சுற்றுலா பேக்கேஜ் விற்கிற தளம் ஒன்று. பெயர் வேண்டாம். ‘சேதுபதி கோட்டைகள், ஒரு நாள்’ என்று போட்டு, ஏசி வேன், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,500. போன் போட்டேன். எடுத்தவன் குரலே தேன். “அக்கா, நானும் சாயல்குடிப் பக்கம்தான்க்கா” என்றான். மாமா ராணுவத்தில் இருந்தவர் என்று நான் வாய் தவறிச் சொல்ல, “மிலிட்டரி ஐயாவா? அப்ப நான் லாபம் பார்க்கக் கூடாதுக்கா, தலைக்கு நூறு குறைச்சுக்குறேன்” என்றான். அந்த நூறு ரூபாயில் விழுந்தேன். ஒரு சிப்பாய்க்கு மரியாதை கொடுக்கிறவன் திருடனாக இருப்பானா என்று தோன்றியது.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். “அது படைக் கோட்டைக்கா, சும்மா உள்ள விடமாட்டாங்க. தொல்லியல் துறைல முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்கணும், தலைக்கு 500. அதுவும் இந்த ரேட்டுக்குள்ளேயே அடக்கிட்டேன்.” நான், வீட்டுக்காரர், மகன், மாமா, ஆக நாலு பேருக்கு 9,600 ரூபாய். ஜிபேயில் அனுப்பிய பத்தாவது நிமிஷம் வாட்ஸ்அப்பில் ‘அனுமதிச் சீட்டு’ வந்தது. கோபுரச் சின்னம், வட்ட முத்திரை எல்லாம் இருந்தது. ‘தொல்லியியல் துறை’ என்று எழுத்துப்பிழையும் இருந்தது. அதை நான் பார்த்தது மறுநாள் ராத்திரி.

காலை ஏழு மணிக்கு ராமநாதபுரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொன்னார்கள். வண்டி வந்தது ஒன்பது இருபதுக்கு. ஏசி வேன் இல்லை, பெயிண்ட் உரிந்த பழைய ஆம்னி. வழிகாட்டி எங்கே என்றால் டிரைவர் தம்பி முழிக்கிறான். “அரண்மனை, தேவிபட்டினம், அப்புறம் ஒரு சங்குக் கடை. அவ்வளவுதான்க்கா எனக்குச் சொன்னாங்க.” பாவம், அவனுக்குக் கோட்டை எந்தத் திசை என்றே தெரியாது.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்ற தர்பார் மண்டபத்தைப் பார்த்தோம். நுழைவுச்சீட்டும் எங்கள் காசுதான். தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டையைச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள், மாமா அதன் முன்னால் நின்று நகரவே இல்லை. வழிகாட்டி இருந்திருந்தால் எவ்வளவு கேட்டிருப்பார் மனுஷன்.

செங்கமடை போயே ஆகணும் என்று நான் கத்தியதும் டீசலுக்கு 600 தனியாக வாங்கிக்கொண்டு டிரைவர் வந்தான். வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். கருவேலம் புதர், இடிந்த மதில், மதில் மேல் ரெண்டு ஆடு. கேட் இல்லை, காவலாள் இல்லை, சீட்டு கேட்க ஒரு ஈ காக்கை இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனில் இருந்த அனுமதிச் சீட்டைக் காட்டினேன். “டிக்கெட்டா? எங்க ஆடு தினம் ஓசியிலதானே தாயி ஏறி இறங்குது” என்று சிரித்தார். இதற்குத்தான் தலைக்கு 500!

மாமா மட்டும் கைத்தடியால் மண்ணில் கோடு போட்டு மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நேர்ச் சுவராக இருந்தால் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறவனை மேலே இருக்கிறவன் சுட முடியாதாம். மூலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அங்கிருந்து சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சுடலாமாம், அதற்குத்தான் இத்தனை மூலை. அந்தக் கால் மணி நேரம்தான் அன்றைக்கு உருப்படியானது. கமுதி “நம்ம ரூட்ல இல்லக்கா” என்று சொல்லிவிட்டான். மதியச் சாப்பாடு ராஜசிங்கமங்கலத்தில் எங்கள் செலவில் புரோட்டா.

சாயங்காலத்திலிருந்து போன் மேல் போன். முதல் தடவை “மீட்டிங்ல இருக்கேன் அக்கா”. அடுத்து “அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன் அக்கா”. நேற்றுக் காலை “வேன் வந்துச்சுல்ல மேடம்?” அக்கா மேடமாகிவிட்டது, கவனித்தீர்களா? மத்தியானம் “சேவையை அனுபவிச்ச பிறகு ரீஃபண்ட் கிடையாது” என்று ஒரு வரிச் செய்தி. சாயங்காலம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். தளத்தில் நான் போட்ட கருத்து ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. 9,600 ரூபாய்! சொந்தமாக ஒரு கார் பேசியிருந்தால் ரெண்டு கோட்டையும் பார்த்துவிட்டு மிச்சக் காசோடு வந்திருப்போம் என்று வீட்டுக்காரர் இதுவரை மூன்று தடவை சொல்லியாயிற்று.

சரி, சொல்ல வேண்டியது. அனுமதிக் கட்டணம் என்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமாவது கேட்டுவிட்டுக் கட்டுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்த உடனே ஆன்லைன் பண மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடியுங்கள், நான் ஒரு நாள் விட்டுவிட்டேன். நுகர்வோர் புகாருக்கு 1915. தளத்தில் இருக்கும் படத்தை வீட்டில் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நான் காட்டவில்லை. நேற்று ராத்திரிதான் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஏம்மா, அகழி நிறையத் தண்ணி நிக்குதே, இது வேலூர்க் கோட்டைம்மா” என்றார்.

1915-ல் புகார் கொடுத்தாயிற்று. எண் வந்திருக்கிறது. இப்போது இதை எழுதும்போது தளத்தைத் திறந்து பார்த்தேன். வேலூர் அகழி இன்னும் செங்கமடை என்ற பெயரிலேயே இருக்கிறது. ரேட்டை மட்டும் 2,200 ஆக்கியிருக்கிறான்.