முகக்கவசக் காலத்தில் லாசிக்: மதுரை போய் வந்த கதை

லேசருக்கு அடியில் படுத்திருப்பது இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 2022 ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து மதுரைக்குப் போய் லாசிக் (கண்ணாடி வேண்டாதபடி லேசரால் கருவிழியை, அதாவது கார்னியாவை, செதுக்கும் அறுவை) செய்துகொண்டவனுக்கு விடுப்பு முழுவதும் அதற்கே போனது. காரணம் கண் இல்லை, கோவிட்.

எனக்குக் கண்ணாடி பவர் மைனஸ் ஐந்து. முகக்கவசம் போட்ட நாளிலிருந்து மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். சிங்கப்பூர் மெட்ரோவான எம்ஆர்டியில் ஏறினால் எந்த ஸ்டேஷன் என்று தெரியாது. மதுரை ஆஸ்பத்திரியில் காத்திருந்த பையன்கள் பலரும் இதே புலம்பலோடுதான் வந்திருந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் முதலில் நின்றது லாசிக்தான், தள்ளிப்போட்டால் யாருக்கும் பார்வை போகாது என்பதால். திறந்த பிறகு நிலைமை தலைகீழ் என்றார் டாக்டர். கண்புரைக்கு வர வேண்டிய பெரியவர்கள் பயந்து வீட்டிலேயே இருந்தார்கள். கிராமங்களில் கண் சிகிச்சை முகாமும் கிடையாது. கண்ணாடி வேண்டாம் என்று சொல்லும் இளசுகள் மட்டும் வரிசையில் நின்றார்கள்.

ஜனவரி 11 முதல் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எல்லோருக்கும் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் ஆர்டிபிசிஆர் என்ற கோவிட் பரிசோதனை என்று விதி வந்தது. பொங்கல் சமயத்தில் மாடி அறையில் அடைந்து கிடந்தேன். ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டே 17-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. எனக்கு அந்த அடைப்பு ஒரு விதத்தில் லாபம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் பரிசோதனைக்கு முன் அதை நிறுத்த வேண்டும். மென்லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கடின லென்ஸ் என்றால் இன்னும் அதிகம். லென்ஸ் அழுத்திக் கருவிழியின் வளைவு மாறியிருக்கும், அந்த நிலையில் அளந்தால் கணக்கு தப்பும். வீட்டில் சும்மா கிடந்ததில் அந்த நாட்கள் கழிந்தன.

ஆர்டிபிசிஆரில்தான் மனக்கசப்பு. எட்டாம் நாள் முடிவே போதும் என்று போனில் சொன்னவர்கள், நேரில் போனதும் தங்கள் லேபிலேயே மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் வந்த பில்லில் 'பிபிஇ', அதாவது ஊழியர்களின் பாதுகாப்பு உடை, என்று தனியாக ஒரு வரி. பேக்கேஜ் என்றீர்களே என்று கேட்டதற்கு, "இது கோவிட் சார்ஜ், பேக்கேஜில வராது சார்" என்று பதில். எல்லாம் சேர்த்தும் சிங்கப்பூரில் கேட்ட தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பரிசோதனை அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவியில் டாக்டருக்கும் எனக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தாள் தொங்கியது. "பார்க்கும்போது பேசாதீங்க தம்பி, அப்புறம் கேளுங்க" என்றார். காற்றை 'புஸ்' என்று அடித்துக் கண் அழுத்தம் பார்க்கும் மிஷினை ஓரங்கட்டியிருந்தார்கள், கண்ணீர்த் துளி தெறிக்கும் என்று. கண் டாக்டர் ஒருவர் நோயாளியின் மூச்சு படும் தூரத்தில் உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும். 2019 டிசம்பர் இறுதியில் சக மருத்துவர்களை எச்சரித்த வூஹான் டாக்டர் லீ வென்லியாங்கும் கண் மருத்துவர்தான். 2020 பிப்ரவரி 7-இல் கோவிட்டிலேயே இறந்துபோனார். இதை நினைத்துக்கொண்டால் அவர்களுடைய கெடுபிடி பெரிதாகத் தெரியாது.

சனிக்கிழமை மட்டும் அறுவைக்குத் தேதி கொடுக்கவில்லை. மறுநாள் கட்டாயம் வந்து காட்ட வேண்டும், அது ஊரடங்கு ஞாயிறு. ஆஸ்பத்திரிக்குப் போகத் தடையில்லை என்றாலும் ஆட்டோ கிடைக்காது.

படுக்க வைத்ததும் நர்ஸ் அக்கா முகக்கவசத்தின் மேல் விளிம்பை மூக்கிலும் கன்னத்திலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். மூச்சுக்காற்று கண் பக்கம் ஏறக் கூடாது. அது ஈரத்தோடு கிருமியையும் கொண்டுபோகும். பிறகு கண்ணைச் சுற்றியும் உள்ளேயும் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. கருவிழியில் மெல்லிய மடல் வெட்டித் திருப்பி வைத்த பிறகு, 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர் டக் டக் என்று அடித்தது. கவசத்தையும் தாண்டி முடி கருகும் வாடை வந்தது. இந்தப் புகையில் வைரஸ் பரவுமா என்றுதான் 2020-இல் கண் டாக்டர்கள் கவலைப்பட்டார்களாம்.

மறுநாள் காலை நர்ஸ் அக்கா காட்டிய போர்டில் பொடி எழுத்து வரை படித்தேன். ஆனால் முகக்கவசம் விடவில்லை. மடல் வெட்டும்போது கருவிழி நரம்புகளும் அறுபடுவதால் சில மாதம் கண் வறண்டே இருக்கும். அதில் கவசத்தின் மேல்பக்கம் கசியும் மூச்சு நேராகக் கண்ணில் அடித்து இன்னும் உலர்த்தும். முன்பு கண்ணாடியை மறைத்த அதே காற்று இப்போது கண்ணை உறுத்தியது. வெளியே போகும்போதெல்லாம் மேல் விளிம்பை டேப் போட்டு ஒட்டி, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தும் விட்டுக்கொண்டேன். விமானத்தின் வறண்ட காற்றில் பாட்டில் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஒரு வாரச் செக்கப்பை ஊரிலேயே முடித்துவிட்டேன். ஒரு மாதச் செக்கப்பை வீடியோவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வீடியோவில் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கலாம், மடல் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க முடியாது. அறுவைக்குப் பின் விடும் ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், அதையும் கேமராவில் அளக்க முடியாது. அதனால் சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் தனியாகக் காசு கொடுத்துக் காட்டினேன். அங்கே முதலில் கேட்டதே அறுவைக்கு முன் எடுத்த கருவிழி வரைபடத்தைத்தான்.

மதுரையில் அதை யாரும் தானாகக் கொடுக்கவில்லை, நச்சரித்து வாங்கினேன். போகிறவர்கள் கருவிழி வளைவு, தடிமன், பழைய பவர் மூன்றையும் அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வயதான பிறகு கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்தப் பழைய எண்கள் உதவும்.