6,000 ரூபாயா, வடிகாலா, ஏரியா: சென்னை வெள்ளத்துக்கான பணம் எங்கே போக வேண்டும்?

ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். "வீட்டுக்கு வீடு பணம் கொடுத்ததுக்கு அந்தக் காசுல ஒழுங்கா வடிகால் கட்டியிருக்கலாம்" என்பார் ஒருவர். "கட்டின வடிகாலே தண்ணியை இழுக்கல, முதல்ல ஏரியைப் பாருங்கப்பா" என்பார் இன்னொருவர். நான் வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவன். 2015-லும் 2023-லும் கட்டில் மேல் ஃபிரிட்ஜை ஏற்றி வைத்துவிட்டு மாடி வீட்டில் போய் உட்கார்ந்தவன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்தப் பயம் எனக்கு நன்றாகவே புரியும். அதனால் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் நிவாரணப் பணம். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்றியிருக்கும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பாதித்த பகுதிகளிலும் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், பெருக்கிப் பார்த்தால் 1,450 கோடிக்கு மேல் வருகிறது. பெரிய தொகைதான். ஆனால் அது யாருக்கு என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனுக்குக் கரியெல்லாம் நனைந்து, வாங்கி வைத்த துணி எல்லாம் சேறாகி, இரண்டு வாரம் வேலையே இல்லை. அவருக்கு அந்த 6,000 வாடகையாகவும் அரிசியாகவும் ஆனது. எனக்கோ ஃபிரிட்ஜ், மெத்தை, மோட்டார் என்று போனதில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. ஆக, இந்தப் பணம் இல்லாதவர்களைக் கொஞ்ச நாள் கைதூக்கி விடும், அவ்வளவுதான் அதன் வேலை. அடுத்த மழையில் ஒரு அங்குலத் தண்ணீரைக்கூட அது குறைக்காது.

இன்னொரு வருத்தமும் உண்டு. 2024 ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம், கடலூர் பக்கம் வீடு மூழ்கிய குடும்பத்துக்கு 2,000 ரூபாய்தான் அறிவித்தார்கள். மயிலம் பக்கம் ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் மழை, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறப்பு, தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்கள் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. அவர்கள் வீட்டுப் பாத்திரம் சென்னை வீட்டுப் பாத்திரத்தைவிட மலிவா? தொகையை அந்தந்த நேரத்து முடிவாக விடாமல், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை நாள் நின்றது என்பதைப் பார்த்து முன்கூட்டியே வரையறுத்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, வடிகாலுக்கு வருவோம். வடசென்னையில் மணலி, மாதவரம், அம்பத்தூர், திருவொற்றியூர் பக்கம் கொசஸ்தலையாற்று வடிநிலத் திட்டம், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடியில், சுமார் 770 கிலோமீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 4 கோடிக்கு மேல். என் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கணக்குப்படி 6,000 ரூபாய்க்குப் போன பணத்தில் 350 கிலோமீட்டர் வடிகால் கட்டியிருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வடிகால் வேலை செய்த இடங்களும் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. 2021 நவம்பரில் தி.நகரும் ஆழ்வார்பேட்டை சீத்தம்மாள் காலனியும் நாள்கணக்கில் நின்ற தண்ணீரில் கிடந்தன. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்து, வடிகால்களை இணைத்துக் கட்டி, அடுத்த ஆண்டு மழையில் அதே இடங்கள் சீக்கிரம் வடிந்தன. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் மழைக்கு, தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்காமல் இருக்க, வடிகாலை விட்டால் வேறு வழி கிடையாது.

ஆனால் மிக்ஜாம் வேறு மாதிரி. இரண்டு நாளில் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வடிகால் என்பது தண்ணீரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் குழாய் மாதிரிதானே, போய்ச் சேரும் இடம் நிரம்பியிருந்தால் என்ன ஆகும்? சென்னை தட்டையான ஊர். தெரு வடிகால் கால்வாயில் விழ வேண்டும், கால்வாய் ஆற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ சேர வேண்டும், அது முகத்துவாரத்தில் கடலுக்குள் இறங்க வேண்டும். அன்று புயலால் கடல் பொங்கி நின்றது, உள்வாங்கவில்லை. கால்வாய் மட்டம் ஏறியதும் எங்கள் தெருவில் வடிகால் மூடி வழியாகவே தண்ணீர் மேலே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. வடிகாலுக்கு என்று சொன்ன 4,000 கோடி எங்கே என்று அன்று எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். இப்போது யோசித்தால் அந்தக் கேள்வி பாதிதான். எவ்வளவு செலவானது என்பதோடு, கட்டின வடிகால் எதில் போய் முடிகிறது என்றும் கேட்டிருக்க வேண்டும்.

தேவையே இல்லாத இடத்தில் வடிகால் கட்டப் போன கதையும் உண்டு. ஜெர்மன் வங்கிக் கடனில் கோவளம் வடிநிலத் திட்டம் வந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருப்பது மணல் பூமி, மழையை அதுவே குடித்துவிடும், கான்கிரீட் போட்டு அதைக் கடலுக்கு அனுப்பாதீர்கள் என்று அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது அந்த வழக்கு.

இனி ஏரி. என் மனசு இந்தப் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு விரிந்திருந்தது, இப்போது மிஞ்சியது அதில் சிறு பங்கு. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கேதான் வந்து சேர்கிறது, அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் பிறகு முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் போகிறது. அந்தச் சதுப்பில்தான் பெருங்குடிக் குப்பைமேடு, சாலை, கட்டடங்கள் எல்லாம். எங்கள் வேளச்சேரி ஏரி 265 ஏக்கராக இருந்து 55 ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. சுருக்கியதில் அரசு வீட்டுவசதித் திட்டங்களுக்கும் பங்கு உண்டு, என்னைப் போல வீடு தேடி வந்து குடியேறியவர்களுக்கும் உண்டு. தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று நாங்கள் சொல்கிறோம், அது அதனுடைய பழைய இடத்துக்குத்தான் வந்தது.

ஏரியைச் சீர்செய்வது வடிகாலை விட மலிவு, கோடையில் நிலத்தடி நீரும் ஏறும். ஆனால் கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்தால் ஏரி சீரானது என்று நினைத்துவிடுகிறார்கள். வரத்துக் கால்வாயும், உபரிநீர் வழியும் கலங்கலும், போக்குக் கால்வாயும் இல்லாத ஏரி வெறும் தொட்டி. நிரம்பினால் பக்கத்துத் தெருவுக்குள் வழியும். இந்தக் கால்வாய்களை மீட்பதுதான் கஷ்டமான வேலை, ஏனென்றால் அங்கே வீடுகள் இருக்கின்றன, பெரும்பாலும் ஏழைகள் வீடுகள். ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களைச் சதுப்பை ஒட்டியிருக்கும் தாழ்வான பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், மழை வந்தால் அங்கேயும் தண்ணீர். ஆக்கிரமிப்பு அகற்றம் என்றால் குடிசையில் மட்டும் தொடங்கி அங்கேயே முடிவது எனக்கு ஒப்பவில்லை. 2024-ல் கிண்டி குதிரைப் பந்தய மைதான நிலத்தை அரசு திரும்ப எடுத்து அங்கே குளங்கள் வெட்டியது. யார் வீட்டையும் இடிக்காமல், நகரத்துக்கு நடுவில், தண்ணீர் நிற்க இடம் கிடைத்தது. இந்த மாதிரி இன்னும் எத்தனை பெரிய இடங்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சென்னைக்கு வெளியே போனால் ஏரியின் பக்கம் இன்னும் வலுக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம் புகுந்தது. அங்கே கோடிக்கணக்கில் தெரு வடிகால் கட்டியிருந்தாலும் குளத்துக் கரை உடைந்த வெள்ளத்தை அது என்ன செய்திருக்கும்?

பிறகு ஏன் பணம் அந்தப் பக்கம் போகவில்லை? விதியே அப்படி இருந்தது. 2021 முதல் 2026 வரைக்கு 15-ஆவது நிதிக்குழு வகுத்தபடி மாநிலப் பேரிடர் நிதியில், மத்திய அரசு முக்கால், மாநிலம் கால் போடும் அந்தப் பணத்தில், 80 சதவீதம் பேரிடர் வந்த பிறகு செய்யும் வேலைகளுக்கும் முன் ஆயத்தத்துக்கும், 20 சதவீதம்தான் பாதிப்பு வராமல் தடுக்க. ஏழு பெருநகரங்களுக்கான வெள்ளத் தடுப்புக்கு 2,500 கோடி ஒதுக்கினார்கள், சென்னைக்கு அதில் 500 கோடி. மிக்ஜாமுக்குப் பிறகு அதை வைத்துத்தான் 561 கோடித் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். 6,000 ரூபாய்க்கு ஒரே மாதத்தில் போனதில் பாதிகூட இல்லை. மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். அப்புறம், சதுப்பு வனத்துறை கையில், பெரிய ஏரிகள் நீர்வளத் துறை கையில், தெரு வடிகால் மாநகராட்சி கையில், நெடுஞ்சாலையோர வடிகால் வேறு துறை கையில். தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது.

என்னிடம் விட்டால் நிவாரணத்தில் கை வைக்க மாட்டேன், அந்த இஸ்திரிக்கார அண்ணனை நினைத்தால் மனசு வராது. வடிகால் பணத்தில்தான் வரிசையை மாற்றுவேன். கடைமடையிலிருந்து தொடங்குவேன்: முதலில் முட்டுக்காடு, ஒக்கியம் மடுவு, அடையாறு முகத்துவாரம், பிறகு ஏரிகளின் போக்குக் கால்வாய்கள், கடைசியில் தெரு. இப்போது நடப்பது பெரும்பாலும் தலைகீழ், ஏனென்றால் தெருவில் பள்ளம் தோண்டினால்தான் வேலை நடப்பது எல்லோர் கண்ணிலும் படும்.

போன ஏரியா சபைக் கூட்டத்தில், அதாவது வார்டில் எங்கள் பகுதி மக்களுக்கான கூட்டத்தில், எங்கள் தெரு வடிகால் எங்கே போய் விழுகிறது என்று கேட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் வரைபடம் அலுவலகத்தில் இருக்கிறது என்றார். மறுநாள் காலையில் நானும் இரண்டு நண்பர்களும் வடிகாலை ஒட்டியே நடந்து பார்த்தோம், ஒரு கிலோமீட்டர் தாண்டி ஒரு மதில் சுவரில் முட்டி நிற்கிறது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம், அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகிறோம்.