பென்சில் ஸ்கெட்ச் டாட்டூ: ஐந்து வருடம் கழித்துத் தோலில் மிஞ்சுவது

பென்சிலில் கிறுக்கி வைத்த மாதிரி டாட்டூ, குத்தின அன்று எல்லாருக்கும் அழகுதான். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் மூன்று, ஐந்து வருடம் ஆன கைகளைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். படம் நிற்கிறதா, கலங்கிவிட்டதா என்பது கோடுகளுக்கு நடுவில் விட்ட வெற்றுத் தோலில்தான் இருக்கிறது.

மை தோலின் இரண்டாம் அடுக்கில் நின்று மெல்லப் பரவும். காகிதத்தில் முடிக்கு இழை இழையாக இழுத்த கோடுகளை அப்படியே ஸ்டென்சிலில் (தோலில் படத்தைப் பதிக்கும் அச்சுத்தாளில்) ஏற்றினால், நாளாக ஆக அவை ஒட்டிக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். மூன்றில் ஒரு கோட்டை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு நடுவே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது விடச் சொல்லுங்கள். குத்துகிற படம் ஒரு முகம் என்றால் உள்ளங்கை அளவுக்குக் குறையவே கூடாது.

நம் தோல் நிறமும் கணக்கில் வரும். நிறமி மேலடுக்கில், மை அதற்கும் கீழே. ஹெச்பி பென்சில் போன்ற லேசான சாம்பல், மாநிறக் கையில் ஆறின பிறகு தேடினாலும் கிடைக்காது. கண், மூக்கின் அடி, கழுத்து நிழல் என்று நாலைந்து இடத்தில் தண்ணீர் கலக்காத கறுப்பு இருந்தால்தான் மற்ற சாம்பல் எடுபடும். பென்சிலின் சொரசொரப்பு வழவழப்பான ஷேடிங்கில் வராது. ஊசியைத் தோலில் தொட்டுச் சுண்டி எடுத்து, புள்ளிகள் தொடக்கத்தில் நெருங்கி முனையில் கலைகிற மாதிரி வைத்தால், காகிதத்தின் மேடுபள்ளத்தில் பென்சில் பிடித்தது போல இருக்கும்.

வெளிக்கோட்டுக்கு மூன்று ஊசி வட்டமாகச் சேர்ந்த ரவுண்ட் லைனர், வரையும்போது அளவுக்குப் போட்டு அழிக்காமல் விட்ட அளவுக்கோடுகளுக்கு ஒற்றை ஊசி. ஒற்றை ஊசிக்கோடு அங்கங்கே விட்டுப்போவது சகஜம். ஊசி ஆழம் போனால்தான் பிரச்சினை. கோட்டைச் சுற்றி நீலம் கசியும், டச்சப்பில் (ஆறின பிறகு மறுபடி குத்திச் சரிசெய்வதில்) அது சரியாகாது. தோல் மெலிந்த மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் இது அதிகம்.

சாம்பல் மையை எதில் கலக்கிறார்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. கலந்தே வருகிற மை என்றாலும் கேளுங்கள்: 2011-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் 19 பேருக்கு மைக்கோபாக்டீரியா என்ற கிருமியின் தொற்று வந்தது, முன்னதாகவே கலந்து விற்ற சாம்பல் மையிலிருந்துதான். சிவப்புப் பருக்கள் வாரக்கணக்கில் ஆறாமல் நின்றால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

குளச்சல் கடலும் குளத்துக் குளியலும் மூன்று வாரம் வேண்டாம். தேங்காய் எண்ணெயை அப்பினால், இந்தப் புழுக்கத்தில் வியர்க்குரு பொரிந்து, சொறிந்து, பொருக்கோடு மையும் போகும். பைக்கில் தினமும் திருவனந்தபுரம் போய் வருகிறவர்களுக்கு முன்கையின் வெளிப்பக்கம் வெயில் பட்டுச் சீக்கிரம் மங்கும், உள்பக்கம் நிற்கும். ராணுவத்தில் சேர நினைப்பவர்களுக்கு முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடம் ஆகாது. ரத்தம் கொடுப்பவர்கள் 12 மாதம் பொறுக்க வேண்டும்.

டச்சப் குறைந்தது ஆறு வாரம் கழித்து. எல்லாக் கோட்டின் மேலும் திரும்ப ஓட்ட விடாதீர்கள். மங்கின அளவுக்கோடு, ரப்பரால் பாதி அழித்தது போல மங்கியே இருக்கட்டும். கறுப்பு வைத்த அந்த நாலைந்து இடத்தை மட்டும் ஏற்றினால் போதும்.