கார்த்திகைப்பூவுக்கு எந்தக் கடதாசி, எந்த வர்ணம்?

கார்த்திகைப்பூ வேலிகளில் பூப்பது மாரியில். நீர்வர்ணக் கடதாசிக்கு ஆண்டிலேயே ஆகாத காலமும் அதுதான். யாழ்ப்பாணத்தில் தாவர ஓவியம் வரைபவர்கள் பொருள் வாங்கும்போது இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். காசு மட்டாக இருந்தால் முதலில் கடதாசிக்குச் செலவழியுங்கள். நல்ல கடதாசியில் நடுத்தர வர்ணம்கூட ஒப்பேறும். மட்டமான கடதாசியில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வர்ணமும் கலங்கிப்போகும்.

மரக்கூழ்க் கடதாசியும் முழுப் பருத்திக் கடதாசியும் சதுர மீற்றருக்கு 300 கிராம் என்றே விற்கப்படுகின்றன. எடை ஒன்றுதான், குணம் வேறு. கார்த்திகைப்பூவின் ஒரு இதழை எடுத்துக்கொள்வோம். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, இரண்டும் சேரும் இடத்தில் கோடே தெரியாது. இதழ் முழுவதும் மெல்லிய மஞ்சள் பூசி, நன்றாகக் காயவிட்டு, நுனியிலிருந்து சிவப்பைக் கீழே இறக்கி, ஈரம் ஒற்றியெடுத்த தூரிகையால் அதன் ஓரத்தைக் கரைக்க வேண்டும். பருத்தியில் கரைக்க அவகாசம் கிடைக்கும், அடியிலுள்ள மஞ்சளும் அசையாது. ஆறேழு பூச்சுத் தாங்கும். மரக்கூழில் சிவப்பு சட்டென்று காய்ந்து கோடு விழும். அதைத் தேய்த்தால் மஞ்சளும் சேர்ந்து கிளம்பும். நிறக்கலவை பழகுவதற்கு மட்டும் மரக்கூழ் போதும், பிழையைத் துடைத்தெடுப்பதும் அதில் சுகம்.

மேற்பரப்பில் எங்கள் தெரிவு ஹொட் பிரெஸ், அதாவது சூடாக அழுத்தி வழவழப்பாக்கிய கடதாசி. கோல்ட் பிரெஸின் சொரசொரப்பில் மகரந்தக் காம்பின் மெல்லிய கோடு விட்டுவிட்டு விழும். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும் வளைவும் பிசிறும். ஆனால் ஹொட் பிரெஸ் அதிக தண்ணீரை மன்னிக்காது. தூரிகையில் ஒரு சொட்டுக் கூடினாலும், பாதி காய்ந்த பூச்சுக்குள் அது ஓடிப் பூக்கோசு போலத் திட்டு விழும். ஒவ்வொரு தடவையும் தூரிகையின் அடியைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள். பூவரசங்காய், பனம்பழம் போல உருண்டு திரண்டவற்றுக்குக் கோல்ட் பிரெஸும் பரவாயில்லை.

தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாமலிருக்க, ஆர்ச்சஸ் கடதாசிக்கு விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் பசை ஏற்றப்படுகிறது. பப்ரியானோ ஆர்ற்றிஸ்ரிக்கோவில் விலங்குப் பொருள் இல்லை, அதனால் மரக்கறி மட்டும் உண்பவர்கள் அதை விரும்புவார்கள். இரண்டும் முழுப் பருத்தி, இரண்டும் தாவர ஓவியத்துக்குத் தகும். எதை வாங்கினாலும் மாரி ஈரத்தில் திறந்து வைத்தால் பசை கெடும், பூஞ்சணமும் பிடிக்கும். அப்படியான தாளில் பூசிய இடமெல்லாம் கரும்புள்ளி தெரியும், வர்ணம் ஒற்றுத்தாளில் போல உள்ளே இறங்கிவிடும். தொடங்குமுன் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அந்தத் தாளைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான பொலித்தீன் பையில் வையுங்கள். கன்றுத்தோலில் செய்யும் வெலம் (vellum) என்னும் வரைதாள் ஈரக்காற்றில் நெளியும், எங்கள் மாரிக்கு அது வேண்டாம்.

வர்ணத்தில், மாணவர் தரத்துக்கும் கலைஞர் தரத்துக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் நிறமியின் அளவு. மாணவர் தரத்தில் நிரப்புப் பொருள் கூட, அதனால் பூச்சுக்குப் பூச்சு சுண்ணாம்புத்தன்மை ஏறும். 24 நிறப் பெட்டியைவிட ஒற்றை நிறமி கொண்ட ஆறு 5 மில்லிலீற்றர் ரியூப் மேல். ரியூப்பில் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். மஞ்சளுக்குப் பிவை (PY) 154, சிவப்புக்குப் பிஆர் (PR) 254 அல்லது 255, முதிர்ந்து முழுச் சிவப்பாகும் இதழின் நிழலுக்குப் பிவி (PV) 19. பழைய அலிசரின் கிரிம்சனான பிஆர் 83 வெளிச்சத்தில் மங்கும், தவிர்த்துவிடுங்கள்.

செனெலியே, எம். கிரகம் என்னும் இரண்டு நிறுவனங்களின் நீர்வர்ணத்திலும் தேன் உண்டு. கோடையில் அது வரம்: தட்டில் காய்ந்த வர்ணமும் தொட்டவுடன் கரையும். மாரியில் தேன் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், மூடி வைத்தால் பூஞ்சணமும் பிடிக்கலாம். மழைக்காலத்தில் வரைபவர் தேன் சேராத வர்ணத்தை வாங்குவது புத்தி.

தண்ணீரையும் கவனியுங்கள். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறுபவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளையே சாட்சி. அந்தத் தண்ணீரில் அல்ட்ராமரின் நீலம் திரண்டு மணிமணியாகப் படியலாம், இலைப்பச்சை சீராக வராது. பிடித்து வடித்த மழைத்தண்ணீர் நல்லது. இல்லாவிட்டால் பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள், அமிலம் கலந்ததை அல்ல.

மாரியில் பூச்சு காய்ந்ததா என்று கண்ணால் தீர்மானிக்காதீர்கள். புறங்கையைக் கடதாசிக்கு மெல்ல ஒற்றுங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அடுத்த பூச்சுக்குப் பொறுங்கள்.

கார்த்திகைச் செடி முழுவதிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். மாதிரியைத் தொட்ட கையோடு தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்காதீர்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், வாடிய பூவை ஆடு மாடு தின்னாத இடத்தில் போடுங்கள்.