டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்

18,500 ரூபாய். சின்னாளப்பட்டியில் இருக்கும் எங்கள் சுங்குடி சேலைக் கடைக்கு இணையதளம் செய்து தருகிறோம் என்று ஒரு வெப் டிசைன் கம்பெனி வாங்கிய பணம். இன்றைக்குத் தளமும் இல்லை, மெயிலும் இல்லை. இரண்டுக்கும் முகவரியான டொமைன், அதாவது கடையின் இணையப் பெயர், அவர்கள் கையில். நேற்று ராத்திரியோடு அவர்கள் என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

போன வருஷம் அந்தக் கம்பெனிப் பையன் கடைக்கே வந்தான். அவ்வளவு மரியாதை. அம்மாவுக்கென்று ஒரு சேலை எடுத்தான், பேரம்கூடப் பேசவில்லை. அப்புறம் தாங்கள் செய்த தளங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். "டொமைன் யார் பேர்ல வரும் தம்பி?" என்று கேட்டேன். "உங்க பேர்லதான் அண்ணே, ஆதார் காப்பி மட்டும் குடுங்க" என்றான். ஆதாரைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருவன் அப்படிச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அங்கேயே 18,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில்லில் எஸ்எஸ்எல்லுக்கு, அதாவது தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு, மட்டும் 4,000 போட்டிருந்தார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அது யாருக்குமே இலவசம்!

போன வாரம் தளம் திறக்கவில்லை. கூடவே மெயிலும் படுத்துவிட்டது. மலேசியாவிலிருந்து ஆர்டர் தருகிறவர்கள் அந்த முகவரிக்குத்தான் எழுதுவார்கள். கேட்டால் "சர்வர் மெயின்டனன்ஸ்" என்றான். மறுநாள் "டெவலப்பர் லீவு". அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. என் தங்கை எண்ணிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தான்: "ரினியூவல் 12,000 ஆகும் சார்." டாட் காம் பெயரைப் புதுப்பிக்க வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறுதான் ஆகும். லாகினைக் கொடு, நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன். லைனைத் துண்டித்துவிட்டான்.

டொமைனை விற்றுப் பதிந்துகொடுக்கும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராருக்கு எழுதினேன். கணக்கு வேறொருவர் மெயிலில் இருக்கிறது, உங்களிடம் எதுவும் பேச முடியாது என்று பதில் வந்தது. ஆக, கடையின் பெயரே இப்போது எங்கள் கையில் இல்லை. அவன் புதுப்பிக்காமல் விட்டு, ரெஜிஸ்ட்ரார் அந்தப் பெயரை நீக்கிவிட்டால், அபராதத்தோடு மீட்க 30 நாள், அதன் பிறகு மீட்க முடியாத 5 நாள், அதோடு யார் வேண்டுமானாலும் அதை வாங்கிக்கொள்ளலாம்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இவ்வளவுதான்: டொமைனை உங்கள் ஜிமெயிலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். அந்த டொமைனிலேயே இருக்கும் மெயிலை ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் பாஸ்வேர்ட் மாற்றும் மெயிலும் வராது. இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்திருக்கும், அதனால் லாகினையே கேளுங்கள். தளத்தின் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். எங்களிடம் சேலைப் படங்கள்கூட மிச்சமில்லை.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், 18,500-க்கான ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கைவசம் இருக்கிறது. எங்களிடம் சேலை வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய மெயில் முகவரிக்கு எழுதாதீர்கள். அந்த முகவரியிலிருந்து பணம் கேட்டு எது வந்தாலும் அனுப்பாதீர்கள், அது நாங்கள் இல்லை.